எந்த வயசில் நிறுத்துவது என்று வீடு வீடாகக் கேட்டேன்

தபால் ஆபீஸ் சிறுசேமிப்பு ஏஜெண்டு வேலை என்றால், அடுத்தவர்களுடைய பயத்தை மாதாமாதம் வீடு தேடிப் போய் வாங்கி, மறுநாள் கவுண்டரில் கட்டிவிட்டு வருகிற வேலை.

பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே என்ற பயம் சில சேமிப்பு அட்டைகளில் இருக்கும். ஆனால் என் பையில் இருக்கும் அட்டைகளில் முக்கால்வாசி ஒரே பயத்துக்காகப் போட்டவை. கை கால் ஓய்ந்த பிறகு யார் சோறு போடுவது? எப்போது வேலையை நிறுத்தினால் கடைசி வரை கௌரவமாகச் சாப்பிடலாம்? உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது வந்திருக்கும். வந்து, சண்டையில் முடிந்திருக்கும்.

என் வீட்டுச் சண்டையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சங்கு குளிப்பவர். முப்பத்திநாலு வயது. படகில் கம்ப்ரஸர் ஓடும். காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி இறங்குவார். அந்தக் கயிற்றை மேலே பிடித்திருப்பது என் அண்ணன் மிக்கேல். எங்கள் பக்கம் அது வழக்கம். குளிப்பவரின் மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் தூங்க மாட்டான். போன சீசனில் எங்கள் தெருவில் ஒருவர் விடியும் முன் சங்கு குளிக்க நடந்து போனார், மத்தியானம் நாலு பேர் தூக்கி வந்தார்கள். இன்னும் கட்டிலில்தான், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. அவருக்கு வயது முப்பத்தெட்டு. "நீங்க எப்ப நிறுத்துவீங்க?" என்று இவரைக் கேட்டால், ஒவ்வொரு வருடமும் "இந்தச் சீசனோட சரி" என்பார்.

இவரும் எட்டு மாதப் பிள்ளையும் தூங்குகிறார்கள். இவருக்கு மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அட்டை வாங்கப் போகிற வீடுகளில் எல்லாம் பணத்தோடு சேர்த்து இந்தக் கேள்வியையும் கேட்க ஆரம்பித்ததால் கிடைத்தவை இவை.

துவைத்த பாரம்

ஹார்பரில் கிரேன் ஓட்டும் அண்ணாச்சி ஒருவர். விருப்ப ஓய்வு கொடுக்கிறார்கள் என்றதும் பாரம் வாங்கி, எல்லாம் எழுதி, கையெழுத்து மட்டும் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். "மொத்தமா வாரதை பேங்குல போட்டுட்டா, வட்டியிலயே காலாட்டிக்கிட்டுச் சாப்பிடலாம்லா" என்பார். அடுத்த மாதம் போனால், "பாரம் சட்டையோட நனைஞ்சிட்டும்மா, வேற வாங்கணும்" என்பார். அதற்கடுத்த மாதமும் அதே பதில். மூன்றாவது தடவை எனக்கே மனசு கேட்கவில்லை. அவர் உள்ளே பணம் எடுக்கப் போன நேரம் பார்த்து, அவர் மனைவியிடம், "பையைப் பார்த்துட்டுத் துவைக்கக் கூடாதா மதினி?" என்றேன்.

மதினி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பார்த்துட்டுத்தாம்மா துவைக்கேன். அவுக வேலையை விட்டா பகல் பூரா வீட்லல்லா இருப்பாக?"

எழுபத்தைந்தோடு முடிந்த நோட்டு

ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்து ஐயங்கார் சார் ஒருவர், ஆபீஸ் வேலையை ஐம்பத்தைந்தில் தாமாகவே விட்டவர். எந்த மாதம் எவ்வளவு செலவழிக்கலாம் என்று ஒரு நீள நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். வருடத்துக்கு ஒரு திவ்ய தேசம், நாளைக்கு இரண்டு காபி, எல்லாம் அதில் உண்டு. அவர் அப்பாவும் தாத்தாவும் எழுபதைத் தாண்டியதில்லையாம். அதனால் தாராளமாக எழுபத்தைந்து வரை போட்டிருந்தார். அவரைப் போல ஒரு ஆம்பிளை உலகத்தில் உண்டா என்று நான் வீட்டில் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

போன மாதம் போனபோது ஈசிசேரில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காபி டம்ளர் இல்லை. ஒரு வேளை காபியை நிறுத்திவிட்டாராம். "உடம்புக்கு ஏதும் சரியில்லையா சார்?" என்று பயந்துபோய்க் கேட்டேன். "உடம்புக்கு ஒண்ணுமில்லைம்மா, அதான் கவலை. போன வாரம் எழுபத்தாறு பொறந்துடுத்து. டாக்டர் என்னடான்னா இன்னும் இருபது வருஷம் ஜம்முனு இருப்பேள்ங்கறார். நோட்டு எழுபத்தஞ்சோட முடிஞ்சுடுத்தே."

கொஞ்சமாக ஒரு வியாதி

எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் இன்னும் எங்கள் கான்வென்ட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் மட்டும் நான் கேட்ட கேள்வி வேறு. இதை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சீசன் ஆரம்பத்தில் குளியாட்களுக்குக் காது பார்ப்பார்கள். காது சரியில்லை என்றால் படகில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே, இவருக்கு ஒரு காது கொஞ்சமாக, ரொம்ப இல்லை, கொஞ்சமாக மட்டும் கேட்காமல் போகட்டும் என்று நான் ஒன்பது நாள் நவநாள் செபம் வைத்தால் அது பாவமா என்று கேட்டேன்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் தப்பான விடை எழுதினாலும் அப்படித்தான் துடைப்பார்கள். பிறகு சொன்னார்கள்: "கொஞ்சமாக் கேட்டா ஆண்டவர் கொஞ்சமாத்தான் தருவார்னு உனக்கு யாரு சொன்னது?"

அன்றோடு செபத்தை நிறுத்திவிட்டேன். மூன்று நாள் ஏற்கெனவே செபித்திருந்தேன். அந்த மூன்று நாளை எப்படித் திரும்ப வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

தடித்த கொடி

கடற்கரைத் தெருவில் ரொசாரி அக்கா. அவர் புருஷனும் ஒரு காலத்தில் சங்கு குளித்தவர்தான். இப்போது ஒரு காது சுத்தமாகக் கேட்காது; வாசலில் ரேடியோவைத் தெரு அதிர வைத்துக்கொண்டு, நல்ல காதை அதில் ஒட்டி உட்கார்ந்திருப்பார். இரண்டு காலும் நன்றாக இருக்கிறது. நான் போகிற போதெல்லாம் முதலில் அந்தக் கால்களைத்தான் பார்ப்பேன். அவர்கள் முற்றத்தில் துணி காயப்போடும் கொடி ஊரில் எங்கும் இல்லாத தடிமன். சேலை கனத்துக்கு அது அசையக்கூட அசையாது. "எதுக்குக்கா இவ்வளவு பெரிய கயிறு?" என்று கேட்டேன்.

அது குளிகயிறாம். வழக்கப்படி கயிறு குளிப்பவர் வீட்டில் இருக்காது. மச்சான் வீட்டில்தான் இருக்கும். மச்சான் அதைக் கொண்டுவந்து தன் அக்கா கையிலோ தங்கச்சி கையிலோ கொடுத்துவிட்டால், குளிப்பவர் அதோடு தொழிலை விட்டுக் கரையேறிவிட வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. என் தெருவிலேயே இருக்கிற வழக்கம். இத்தனை நாள் கயிற்றைப் பிடிப்பதைப் பற்றியே நினைத்திருந்த எனக்கு, அதை விடுவதைப் பற்றி யாரும் சொன்னதில்லை. ரொசாரி அக்கா ரேடியோவை மீறிக் கத்தினார்: "ஏளா, எந்தம்பி இதைக் கொண்டாந்து குடுத்தன்னிக்கு, என் சோத்துல மண்ணள்ளிப் போட்டியேலேன்னு வெளக்கமாத்தால அடிச்சேன்; இப்ப வருசா வருசம் அவன் பேருக்குத்தான் பூசை வைக்கேன்!"

என் புத்திசாலித்தனம்

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? அன்று சாயங்காலமே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிடு என்று அழுதேன். "நான் விட்டா மாப்பிள்ளையும் விட்டுருவாருன்னு நெனைக்கியா?" என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டான். வழக்கம் அப்படித்தானே என்றேன். அவன் நம்பவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டு வந்து, இவர் பார்க்க என் இரண்டு கையிலும் வைத்தான். அதன் கனத்தில் என் கை தாழ்ந்துவிட்டது.

இவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். பிள்ளையைக் கொஞ்சினார். எனக்கோ மாதா இறங்கி வந்து வேண்டுதலைக் கையில் கொடுத்தமாதிரி இருந்தது. ஐந்து வருட அட்டை ஒன்று இவர் பெயரில் போடலாம், முன்னறையில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைக்கலாம் என்று பேசிக்கொண்டே போனேன். அட்டைக்குப் பணம் எங்கிருந்து வரும், கடைக்குச் சரக்கு எதில் வாங்குவது என்று இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்: "கயித்துக்கா பஞ்சம் பிலோமி? கடையில எடை போட்டு விக்கான்."

பீடி

திங்கட்கிழமை புதுக் கயிறு. பிடிக்கக் கூலிக்கு ஒரு ஆள். வடக்கே எங்கிருந்தோ வேலை தேடி வந்தவராம்; அக்கா தங்கை யாரும் எங்கள் ஊரில் இல்லை. அன்று நான் எட்டு வீட்டுக்குப் போனேன். எட்டு வீட்டிலும் என்ன பேசினேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. கவுண்டரில் ஒருவர் அட்டைக்கு இன்னொருவர் பணத்தைக் கட்டி, போஸ்ட்மாஸ்டரிடம் திட்டு வாங்கினேன். எல்லாவற்றையும் விட ஒரு நினைப்புதான் என்னை அரித்தது. இவரை மேலே இழுக்க உலகத்திலேயே நம்பகமான ஒரு கை இருந்தது. அந்தக் கையை விலக்கியது கடல் இல்லை, நான்.

இவர் வழக்கத்தை விடச் சீக்கிரமே வந்துவிட்டார். மூக்கின் கீழே ரத்தம் காய்ந்திருந்தது. குழாயில் காற்று குறைந்திருக்கிறது. கயிற்றை இரண்டு தடவை இழுத்தால் மேலே தூக்கு என்று அர்த்தம். பதிலே இல்லை. கடைசியில் தாமாகவே அடித்துப் பிடித்து மேலே வந்திருக்கிறார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு தடவை இழுத்தேன். மேல வந்து பாத்தா, காத்துல தீக்குச்சி நிக்கலைன்னு ரெண்டு கையையும் குவிச்சு பீடி பத்த வச்சிட்டிருக்கான்."

ரெண்டு பாகம்

விஷயம் கேள்விப்பட்டு அண்ணன் அன்றைக்கே ஓடி வந்தான். வாசலில் நின்றபடி, "கயித்தைக் குடு ஏளா" என்றான். கொடுத்தால் இவர் நாளைக்கும் இறங்குவார். கொடுக்காவிட்டால் பீடிக்காரரோடு இறங்குவார். கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எழுந்து, இரண்டு கையையும் விரித்து அளந்தேன். ஒரு விரிப்பு ஒரு பாகம்; பன்னிரண்டு பாகம் வந்தது. அடுப்படியிலிருந்து அரிவாள்மணையை எடுத்து வந்து, காலால் மிதித்துக்கொண்டு, அவர்கள் இரண்டு பேரும் பார்க்க இரண்டு பாகத்தை அறுத்தேன். சங்குக் கயிறு கருவாடு மாதிரி இல்லை. அறுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தடுக்க யாரும் வரவில்லை.

"வருசத்துக்கு ரெண்டு பாகம் அறுப்பேன்" என்றேன். "அஞ்சாம் வருசம் ரெண்டு பாகம்தான் மிஞ்சும். அதுல குளிச்சுட்டு வரலாம், சங்கு எடுக்க முடியாது. இப்ப போடுற அட்டையும் அந்த வருசம் முடியும், கடையைத் திறப்போம்." ஆழம் குறைந்தால் சங்கும் குறையும், வீட்டுக்கு வருவதும் குறையும் என்று எனக்குத் தெரியாதா? அதற்கு ஈடாக, அட்டை வாங்கத் தெற்கே இன்னும் இரண்டு தெருவைச் சேர்த்துக்கொண்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போகிறேன். இவர் அறுத்த துண்டைக் காலால் தள்ளிப் பார்த்து, "உன் கயித்துக்கு ஏத்தாப்ல சங்கு மேல ஏறியா வரும்?" என்று கேலி செய்தார். ஆனால் குரலில் பழைய சிரிப்பு இல்லை. அந்த இரண்டு பாகத்தை முற்றத்தில் கட்டியிருக்கிறேன். இப்போதைக்குப் பிள்ளைத் துணிதான் அதில் காய்கிறது.

ஒரு பயம் மட்டும் போகவில்லை. கடலுக்குள் போன பிறகு அந்தப் புதுக் கயிற்றில் ஒரு துண்டை முடிந்து நீளமாக்கிக்கொண்டால் கரையில் இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் விடிவதற்குள் அண்ணனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவன் கயிற்றை ஒரு தடவை உள்ளங்கையில் ஓடவிட்டுச் சொன்னான்: "முடிச்சு இருந்தா கையில தட்டும் ஏளா. தட்டின நிமிசம், சங்கு இருக்கோ இல்லியோ, ஆளை இழுத்து மேல போட்டுருவேன்."

ஆக, வேலையை விடுவதற்குச் சரியான வயது எது என்று இத்தனை வீடு ஏறி இறங்கியும் எனக்குத் தெரியவில்லை. இன்னும் பத்துப் பாகம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும், அதுவும் என் அண்ணன் உள்ளங்கை காய்ப்பு ஏறி மரத்துப் போகாமல் இருக்கும்வரை.