ஆறு பேர், ஐந்து விடை

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, இரண்டு பெண்களைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் — அப்படித்தான் நினைத்தேன்.

ஆம்பூரில் ஞாயிறு காலைகளில் பேங்க் எக்ஸாமுக்கு இலவச வகுப்பு எடுக்கிறேன் அல்லவா? அன்று ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். 'டேட்டா சஃபிஷியன்ஸி'யில் டெஸ்ட் வைத்தேன். விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கொடுத்த தகவல் விடைக்குப் போதுமா போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து ஆப்ஷன்.

கடைசிக் கேள்வி இது. ஒரு வகுப்பில் இரண்டு பேராவது ஒரே மாதத்தில் பிறந்தவர்களா? தகவல் ஒன்று: வகுப்பில் பன்னிரண்டு பேர். தகவல் இரண்டு: மே மாதத்தில் யாரும் பிறக்கவில்லை.

'இரண்டு தகவலும் சேர்ந்தாலும் போதாது' என்றது என் கைடு. ரேவதியும் ஜெனிஃபரும் மட்டும் 'சேர்ந்தால் போதும்' என்று எழுதியிருந்தார்கள்.

இருவரும் ஒரே ஷூ கம்பெனியில், ஒரே லைனில் தைக்கிறவர்கள். வகுப்பிலும் ஒரே பெஞ்ச். இப்போது ஒரே தப்பு! வேறென்ன ஆதாரம் வேண்டும்?

அவர்களிடம் கேட்பதற்கு முன்பே ரேவதியின் அண்ணனுக்கு போன் போட்டேன். வேன் டிரைவர்.

"டெஸ்ட்ல காப்பி அடிச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

"நான் அப்பவே நினைச்சேன் சார். படிக்கிறேன்னு சொல்லிட்டு வர்றதே எனக்கு டவுட்டுதான். இதோட நிறுத்திடலாம்."

நிறுத்துவதா? எனக்குத் திக்கென்றது... போனை வைத்த பிறகு.

இரண்டு விடைத்தாள்களையும் மேஜையில் போட்டேன். "யாரு யாரைப் பார்த்து எழுதினது?"

ஜெனிஃபர் அழ ஆரம்பித்துவிட்டாள். ரேவதி அழவில்லை.

"இன்னா சார் இது? ரெண்டு பேரு ஒரே மாதிரி எழுதினா காப்பியா?"

"பின்னே?"

"ஆறு பேர் எழுதினோம். ஆப்ஷன் அஞ்சுதான். எப்படி எழுதினாலும் யாராவது ரெண்டு பேர் ஒண்ணா வந்தே ஆகணும் சார். அது நாங்களா இருக்கக் கூடாதா? கூடு கம்மி, புறா ஜாஸ்தின்னா ஏதாவது ஒரு கூட்டுல ரெண்டு புறா இருந்தே தீரும்னு நீங்கதானே சொல்லித் தந்தீங்க?"

நான்தான். போர்டில் புறா படமெல்லாம் போட்டு.

அவள் விடவில்லை. "அந்தக் கணக்கும் அதேதான் சார். மே போனா மீதி பதினொரு மாசம். ஆளு பன்னெண்டு. ரெண்டு பேர் ஒரே மாசத்துல வந்துதானே ஆகணும்? அது யாரு, எந்த மாசம்னு கேக்கவே இல்லையே!"

கைடைத் திறந்தேன். கேள்வியைப் படித்தேன். விடையைப் பார்த்தேன். மறுபடி கேள்வி...

கைடு தப்பு.

அச்சில் இருந்ததால் அதை நான் ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. கணக்கைப் போட்டும் பார்க்கவில்லை. சந்தேகப்படுவதற்கு எதிரில் இரண்டு பெண்கள் இருக்கும்போது புத்தகத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

இருவரிடமும் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் அண்ணன் வந்துவிட்டார்.

"தப்பு என் மேலதாங்க. ரெண்டு பேரும் சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றேன்.

"அப்படிங்களா சார்..." என்றவர் என்னைப் பார்க்கவில்லை, தங்கையைத்தான் பார்த்தார். "ஏய், நெஜமாவா?"

போனில் ஒரே வார்த்தையில் நம்பிய மனிதருக்கு, நேரில் அரை மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. மாதங்களை எழுதி, மே மாதத்தை அடித்து, மீதி மாதங்களில் பன்னிரண்டு பேருக்குப் புள்ளி வைத்துக் காட்டினேன். கடைசியில், "சரி, வரட்டும் சார்" என்றார். முகம் மட்டும் தெளியவே இல்லை.

போன ஞாயிறு இருவரும் வந்தார்கள். ஒரே பெஞ்சில் அல்ல. ஜெனிஃபர் கடைசி வரிசை, ரேவதி முதல் வரிசை ஓரம். டெஸ்ட் முழுக்க இடது கையை வளைத்துத் தன் தாளை மறைத்தபடியே எழுதினாள் ரேவதி.

"கையை எடும்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.