விளக்குப் பக்கம் வடக்கு

என் மனைவி என் பேச்சைக் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். மஞ்சள் பெயின்ட் வேண்டாம் என்றேன். வீடு முழுக்க மஞ்சள். தையல் மிஷினை விற்காதே என்றேன். விற்றுவிட்டுக் காற்றை அளக்கும் வேலைக்குப் போனாள். இப்போது தெருவில் அவள் பெயர் காத்துக்கார அக்கா. நான் எத்தனையோ வருஷமாகப் படகு இன்ஜின்களைப் பிரித்து மாட்டுகிறேன். என்னைக் 'காத்துக்கார அக்கா வீட்டுக்காரர்' என்கிறார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

வேலை இதுதான். எங்கள் தீவில் கரண்ட் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது, பாதி நாள் வராமலும் இருக்கிறது. மூன்று காற்றாலை வைக்கலாமா, வைத்தால் எந்த இடத்தில் என்று பார்க்க ஒரு கம்பெனி குன்றின் மேல் ஐம்பது மீட்டர் கம்பம் நட்டது. உச்சியில் வேகத்தை அளக்க மூன்று கிண்ணங்கள் சுழலும். திசையைச் சொல்ல வால் வைத்த தகடு ஒன்று திரும்பும். அடியில் இருக்கும் பெட்டி எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். ஒரு வருஷம் இப்படி அளக்க வேண்டும். இவள் தினமும் ஏறிப் போய், கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளைச் சோதித்து, துருவைத் துடைத்து, வெள்ளிக்கிழமை தோறும் மெமரி கார்டை மாற்றிக் கப்பலில் அனுப்புவாள். காய்ச்சலில் படுத்த அன்று என்னை ஏறச் சொன்னாள். இறங்கி வந்ததும் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக விசாரணை நடந்தது.

அளவு முடிந்ததும் காற்றாலைகளைப் பார்த்துக்கொள்ளும் நிரந்தர வேலை அவளுக்குத்தான் என்று எஞ்சினியர் சொல்லியிருந்தார். அதற்காகக் காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு ஆசை.

எட்டாம் மாதம் எஞ்சினியர் வந்து, துறைமுக ஆபீஸ் மேஜையில் தீவின் வரைபடத்தை விரித்தார். மூன்று காற்றாலைக்கும் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். காற்று அதிகம் வரும் திசைக்குக் குறுக்கே வரிசையாக நிறுத்த வேண்டுமாம். இல்லையென்றால் ஒன்றுக்கு வர வேண்டிய காற்றை இன்னொன்று மறைத்துவிடும். எல்லோரும் புரிந்தமாதிரி தலையாட்டினோம். இவள் மட்டும் படத்தில் கலங்கரை விளக்கம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் ஊரில் விளக்குப் பக்கம் என்றால் வடக்கு. அங்கே போகும் தெரு வடக்குத் தெரு. அதில் யாருக்கும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. படத்திலோ வடக்கைக் காட்டும் அம்பு நேராக மேலே நின்றது. விளக்கு நன்றாக வலப்பக்கம் தள்ளிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்தவள் தட்டைத் தொடவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. கம்பம் நட்ட அன்று, பக்கத்தில் அத்தனை இரும்பு இருந்ததால் திசைகாட்டி முள் கண்டபடி ஆடியதாம். பொருத்த வந்த ஆட்கள் வடக்கு எது என்று இவளைக் கேட்டிருக்கிறார்கள். இவள் விளக்கைக் காட்டியிருக்கிறாள். தகட்டுக்கு அடியில் இருக்கும் வடக்குக் குறியை அதற்கு நேராக வைத்து முடுக்கிவிட்டார்கள். எட்டு மாதத்துத் திசைக் கணக்கு அத்தனையும் தப்பு.

அந்த வேலை போய்விட்டால் இவள் உடைந்துவிடுவாள். பெட்டியில் திசையைத் திருத்துவதற்கென்று ஓர் எண் இருப்பதை முன்பே சொல்லியிருந்தாள். அது என் நினைவுக்கு வந்தது.

"ரெண்டு பொத்தான்தானே? நாளைக்கே போய் மாத்திடு. இனிமே வர்றதாவது சரியா இருக்கும். யாருக்குத் தெரியப்போகுது?"

"தெரியாதுதான். ஆனா காத்தாலை தப்பான இடத்துல நின்னா, தினம் அதைப் பார்த்துக்கிட்டு இருக்கப்போறது நான்தானே?"

சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். எஞ்சினியரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அடுத்த கப்பலில் வருகிறேன் என்று மட்டும் சொன்னாராம். அந்த நாலு நாளும் வழக்கம்போல் குன்று ஏறினாள். காலண்டரில் மட்டும் நாளை அடிக்கவில்லை. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

எஞ்சினியர் வந்ததும் நானும் அவர்களோடு குன்று ஏறினேன். அவர் கம்பத்தைவிட்டு வெகுதூரம் நடந்து போய்த் திசைகாட்டியை வைத்துப் பார்த்தார். முப்பது பாகை வித்தியாசம். திரும்பி வரும்போது அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்த எட்டு மாசத்துல பெட்டில யாராவது கை வெச்சீங்களா?"

"வைக்கச் சொன்ன ஆளு இதோ நிக்கிறாரு. நான் வைக்கல."

எனக்கு மானம் கப்பலேறிவிட்டது. அவரோ பெருமூச்சு விட்டு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். தப்பு முதல் நாளிலிருந்து ஒரே அளவாக இருப்பதால், ஒவ்வொரு கணக்கோடும் முப்பதைக் கூட்டினால் போதுமாம். நடுவில் யாராவது சத்தமில்லாமல் மாற்றியிருந்தால், எதுவரை தப்பு, எதிலிருந்து சரி என்று தெரியாமல் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து அளக்க வேண்டியிருக்குமாம். வடக்கு எது என்று தன் ஆட்கள் ஊராரைக் கேட்டதே தப்பு என்றும் சொன்னார்.

சிவப்புப் புள்ளிகள் இடம் மாறின. வேலை அவளுக்கே கிடைத்தது. மூன்று காற்றாலையும் இப்போது சுற்றுகின்றன. இவள் காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வடக்குத் தெரு வழியாகத்தான் கிளம்புகிறாள். வாசலில் நின்று பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இத்தனை வருஷத்தில் அவள் என் பேச்சைக் கேட்காத நாட்களிலேயே நல்ல நாள், அவள் அந்தப் போனை எடுத்த நாள்தான்.