எருமைக்கு எடுத்த அளவு

என் தங்கை வினோதா ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில், அம்மை இறங்கி மூன்றாம் நாளே போய் ஓவியப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். வீட்டில் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றும் ஒரே அறையை, அப்பாவின் மதியத் தூக்கத்தோடு மல்லுக்கட்டித் தன் கணினிக்குப் பிடித்துக்கொண்டாள். பி.எட். படிக்கச் சொன்ன ஏழு உறவினர்களிடமிருந்து தப்பினாள். ஏழு என்பது நான் எண்ணியது. கால்நடை மருத்துவரையே இரண்டு முறை உதைத்த எருமையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். கடைசியாக, சென்னை ஸ்டூடியோ ஒன்றில் மிருகங்களை உருவாக்கும் வேலையை வாங்கினாள். இது அந்தக் கடைசி வெற்றியின் கதை. எருமையும் அதில்தான் வருகிறது.

நான் கோவில்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவதோடு சரி. அவள் வேலையை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். திரையில் களிமண் போல ஓர் உருண்டை இருக்கும். ஒரு தட்டையான பலகையில் பேனாவால் அழுத்தினால் அந்த உருண்டையில் பள்ளம் விழும். இழுத்தால் கொம்பு முளைக்கும். சினிமாவில் வரும் மிருகங்களை இப்படித்தான் செய்கிறார்களாம். மூன்று வருடம் அவள் வீட்டிலிருந்தே யார் யாருக்கோ வாள், பாறை, நாற்காலி என்று செய்து அனுப்பினாள். எதிலும் அவள் பெயர் கிடையாது. ஒரு மூலையில் போடேன் என்று நான் கேட்காத மாதம் இல்லை.

"நாற்காலில என்னத்த பேரு போடறது அண்ணே? உசுரோட நடக்கற மாதிரி ஒண்ணு செய்யறேன். அப்பப் போட்டுக்கறேன்" என்பாள்.

2024 ஜூலையில் அந்த ஸ்டூடியோ ஒரு தேர்வு வைத்தது. எருமை உடம்பும் முதலை வாலும் கொண்ட ஒரு மிருகத்தைச் செய்து அனுப்ப வேண்டும். வினோதா இருபது நாள் உட்கார்ந்து செய்தாள். பார்த்த அம்மா இரண்டடி பின்வாங்கினாள். ஸ்டூடியோவோ மூன்றே வரியில் பதில் போட்டது: "நன்றாக நிற்கிறது. ஆனால் நடக்காது, பின்னங்காலைப் பாருங்கள். ஆகஸ்ட் 14-க்குள் இன்னொரு முறை மட்டும் அனுப்பலாம்."

வினோதா இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை என்னைக் கூட்டிக்கொண்டு நூருல் அமீனின் கறிக்கடைக்குப் போனாள். அமீன் என்னோடு எட்டாவது படித்தவன். ஆட்டின் முட்டி எது என்று அவள் கேட்க, அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொக்கியில் தொங்கிய தொடையின் அடிப்பக்கத்தைக் காட்டினான். முட்டி, வயிற்றுக்குப் பக்கத்தில், கறிக்குள்ளேயே மறைந்திருந்தது. வெளியே பின்பக்கமாக மடங்குகிறதே, அதைத்தான் நாங்கள் முட்டி என்று நினைத்திருந்தோம். அது கணுக்கால். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பாதம். அப்படியானால் இத்தனை வருடம் கால் சூப் என்று குடித்தது பாத சூப்பா என்று கேட்டேன். அமீன் கடையில் நின்ற ஆட்களைப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசச் சொன்னான்.

"ஆடு முழுசாத்தான் வருது தங்கச்சி. தொட ஒரு வீட்டுக்கு, காலு ஒரு வீட்டுக்குப் போயிடுது. சேத்துப் பாத்தவங்க யாரு இருக்கா?" என்றான்.

இடுப்பிலிருந்து குளம்புவரை வெட்டாத ஒரு பின்னங்காலை அவனிடம் வாங்கி வந்தோம். வினோதா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மடக்கியும் நீட்டியும் நாற்பது படம் எடுத்தாள். அம்மா மசாலாவை அரைத்து வைத்துக்கொண்டு நாற்பதும் முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

ஆனால் செய்ய வேண்டியது எருமை. அளவு வேண்டும். அது ஆடி மாதம். கல்யாண ரவிக்கைகள் ஒன்றும் வராது. நான் சும்மா இருந்தேன். அளவெடுப்பது நம் தொழில்தானே என்று இஞ்ச் டேப்போடு சௌந்தரவல்லி அத்தை வீட்டுக் கொட்டகைக்குப் போனேன். வினோதா தவிட்டைக் காட்டி எருமையின் கழுத்தைத் தடவிப் பேச்சுக் கொடுத்தாள்.

அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்ப்பா மாறா, கை வச்சுத் தைக்கறியா, கை இல்லாமயா?"

அந்த உதைக்கிற எருமை அன்று அசையவில்லை. மார்சுற்று எடுக்க மட்டும் நான் அதன் வயிற்றுக்கடியில் ஒரு முறை புகுந்து வர வேண்டியிருந்தது. தொட்டுத் தொட்டு எலும்பு எங்கே முடிகிறது என்று வினோதா சொல்லச் சொல்ல, முப்பத்தெட்டு அளவுகளை நோட்டில் எழுதினேன்.

அந்த அளவுகளை வைத்து அவள் ஒரு வாரம் செய்தாள். வந்த மிருகத்தைத் திரையில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தோம். குளம்புக்கு மேலே கால் நீண்டு, எருமை குதிகால் செருப்பு போட்டது போல நின்றது. மார்பு, யாரோ இரவல் கொடுத்த சட்டை மாதிரி இருந்தது. கடைசி நாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. எலும்பு தெரிந்தும் வரவில்லை, தன் கண்ணே சரியில்லை என்று வினோதா மெல்லச் சொன்னாள். வேண்டாம் என்று ஸ்டூடியோவுக்கு எழுதிவிடுவதாகவும் சொன்னாள்.

நான் நோட்டை எடுத்துச் சரிபார்த்தேன். குளம்புக்கு மேல் உள்ள சிறு எலும்புக்கு ஐந்து இஞ்ச் என்று எழுதியிருந்தேன். டேப் நாலில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போதுதான் உறைத்தது. பத்தொன்பது வருடப் பழக்கம். எந்த அளவை எழுதினாலும் தையலுக்கு ஒரு இஞ்ச் விட்டுத்தான் கை எழுதும். சுற்றளவு என்றால் நாலு இஞ்ச் லூஸ்.

"வினோதா, ஒங் கண்ணுல ஒண்ணும் கொறையில்ல. நான்தான் எருமைக்குத் தையலுக்கு விட்டுட்டேன்" என்றேன்.

அவள் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாருக்கு எவ்ளோ?"

"நாலு."

"பிரிச்சுத் தைக்கவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அம்மா பயந்துபோய் உள்ளேயிருந்து வந்தாள்.

நீளத்துக்கு எப்போதும் ஒன்று, சுற்றுக்கு எப்போதும் நாலு. அதில் நான் மாறியதே இல்லை. அதனால் கழித்துவிட்டால் போதும் என்று கண்டோம். ஒரு மணி நேரத்தில் முப்பத்தெட்டையும் சிவப்பு மையில் திருத்தினேன். இருந்தும் அவள் நம்பாமல் மறுபடி கொட்டகைக்குப் போய் ஆறு அளவுகளைத் தானே எடுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். சரியாக இருந்தன. டேப்பை என் கையில் தரவில்லை.

ஆகஸ்ட் 14 காலையில் அனுப்பினாள். பதினாறாம் தேதி பதில் வந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லை. எட்டு வினாடி வீடியோ ஒன்று. அந்த மிருகம் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனது. தொடைக்குள் முட்டி உருண்டது, கணுக்கால் பின்னால் மடங்கியது, வால் தரையில் இழுபட்டது. பதினொரு தடவை பார்த்தோம். சௌந்தரவல்லி அத்தை தன் எருமைதான் என்று நடையை வைத்தே சொல்லிவிட்டாள். எப்போது சேரலாம் என்று கேட்டு மறுநாள் காலை போன் வந்தது.

போனை வைத்துவிட்டு வினோதா கணினியைத் திறந்தாள். மிருகத்தைத் தலைகீழாகப் புரட்டி, இடது பின்னங்குளம்பின் அடியில் பேனாவால் கீறினாள். அங்கே போட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். கால் தூக்கும்போது தெரியும் என்றாள். 'வினோதா' என்று தமிழில் மூன்று எழுத்து. நோட்டில் முப்பத்தெட்டாவது அளவுக்குக் கீழே தேதியைக் குறித்துக்கொண்டேன்: 17 ஆகஸ்ட் 2024, சனிக்கிழமை, ஆவணி ஒன்று.