ஒன்பது ஆடுகளின் குரல்

புருல் பிஷ்கெக் நகரத்தில் கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைத்து வந்தாள். வயது நாற்பத்தெட்டு. பொம்மை நாடகக் குழுவில் இருபது வருடம் நரியாகவும் ஓநாயாகவும் பேசியவள், குழு கலைந்தபின் மூடிப்போன ஒரு நெசவாலையின் மூன்றாவது மாடியிலிருந்த சின்ன ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். வெளிநாட்டுக் கார்ட்டூன்களைக் கிர்கிஸ் மொழியில் பேசவைத்து டிவிக்குக் கொடுப்பது அங்கே வேலை. முதலில் மூன்று பேர் பேசினார்கள். கென்ஜே பிரசவத்துக்குப் போனவள் திரும்பவில்லை. எசென் போன இலையுதிர் காலத்தில் கட்டட வேலைக்கு ரஷ்யா போய்விட்டான். முதலாளி வேறு ஆள் தேடவில்லை.

வீட்டிலும் அவள் ஒருத்திதான். கணவன் பிரிந்து போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை.

ஜனவரியில் அந்த ஆட்டுக் கதை வந்தது. பாத்திரம் கழுவச் சோம்பல்பட்ட ஆட்டுப் பேராசிரியர் ஒருவர், தன் தாடி மயிர் ஒன்றை இயந்திரத்தில் போட்டு இன்னொரு தன்னைச் செய்துகொள்கிறார். வந்த நகலும் சோம்பேறி. அது தனக்கொரு நகலைச் செய்ய, அதற்கொன்று, இன்னொன்று என்று வீடு முழுக்க ஒன்பது ஆடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கோளாறு. ஒன்று எதற்கெடுத்தாலும் அழும், ஒன்று பின்பக்கமாகவே நடக்கும், ஒன்று எல்லாரையும் அதட்டும். கடைசியில் யார் அசல் என்று ஒன்பதும் கொம்பு முட்டிக்கொள்ளும்.

புருல் முதல் நாள் பேசி முடித்ததும் ஒலிப்பதிவாளன் மார்லென் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஒன்பதும் ஒரே ஆடு மாதிரி இருக்கு."

"நகல்னா ஒரே மாதிரிதானேடா இருக்கும்?"

"அப்படின்னா கொழந்தைங்களுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்? எனக்கே தெரியலையே!"

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே யோசித்தாள். அழுகிற ஆட்டுக்குக் கீழ்வீட்டுக்காரியின் குரலைக் கொடுத்தாள். பின்னால் நடக்கிறதுக்குத் தன் பழைய கணவனுடையதை. அதட்டுகிற ஆட்டுக்கு எசென்தான் பொருத்தம் என்று பட்டது. மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டு, "பாரும்மா, விஷயம் என்னன்னா..." என்று அவன் ஆரம்பித்தால் கேட்பவர்களுக்குக் கால் வலித்துவிடும்.

அடுத்த நாள் ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். முன்பு பேசியதை மார்லென் அவள் காதில் ஓட்டிவிடுவான். அதற்கு அவள் பதில் பேசுவாள். ஒன்பதாவது ஆட்டுக்கு வரும்போது எட்டுப் பேர் அவளைச் சுற்றி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மார்லென் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முடிந்து ஹெட்போனைக் கழற்றியபோது அறை வெறுமையாக இருந்தது. வெந்நீர்க் குழாய் மட்டும் எங்கோ கடகடத்தது. கொஞ்ச நேரம் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அது ஒளிபரப்பானது. திங்கட்கிழமை எசெனின் மனைவி சிர்கா, பனி அப்பிய பூட்சோடு மாடியேறி வந்தாள்.

"எங்க அவரு?"

"யாரு?"

"நடிக்காதீங்க அக்கா. அஞ்சு மாசமா ஒரு போன் இல்ல. ஊருக்கு வந்து இங்க ஒளிஞ்சுக்கிட்டுப் பேசிட்டிருக்காரு. பொண்ணுங்க ரெண்டும் டிவியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அப்பா அப்பான்னு கத்துதுங்க!"

சிர்கா அலமாரிக்குப் பின்னாலெல்லாம் எட்டிப் பார்த்தாள். புருலுக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்று முறை செருமினாள். "பாரும்மா, விஷயம் என்னன்னா..."

சிர்கா முதலில் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்துபோனது. மார்லென் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"ஒரே ஒரு தடவ, வீட்டுக்கு போன் பண்ணி அவரு மாதிரிப் பேசுங்க அக்கா. நல்லா இருக்கேன், வந்துடுவேன்னு. பொண்ணுங்க தூங்க மாட்டேங்குதுங்க."

"ஆடா பேசச் சொல்லு, பேசுறேன். அந்தப் பிள்ளைங்களுக்கு அப்பனா என்னால பேச முடியாதும்மா."

"உங்களுக்குப் பிள்ளை இருந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சிர்கா படியிறங்கினாள். அந்தச் சொல் புருலோடு டிராலிபஸ்ஸில் ஏறி வீடுவரை வந்தது.

மறுநாள் அவள் பேருந்து நிலையத்துக்குப் போய், ரஷ்யாவிலுள்ள எகடெரின்பர்க் போகும் ஓட்டுநர் ஒருவரிடம் கடிதம் கொடுத்தாள். 'எசென், உன் குரலை ஓர் ஆட்டிடம் கேட்டுவிட்டு உன் பிள்ளைகள் உன்னைத் தேடுகிறார்கள். வீட்டுக்கு போன் செய்.' ஓட்டுநர் படித்துவிட்டு அவளை ஒருமாதிரி பார்த்தார். நம்ம ஊர் ஆட்கள் தங்கும் இடங்களில் விசாரிப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் கூடத்துக்கு போன் வந்தது. மூன்று செருமல். மார்லென் டேப்பை ஓட்டி விளையாடுகிறான் என்று புருல் திரும்பிப் பார்த்தாள். அவன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"நான்தான் எசென். சாரத்துலேந்து விழுந்து கால் ஒடிஞ்சு கெடந்தேன். வீட்ல எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நீ எழுதினது வந்துச்சு."

"அட கடன்காரா! வீட்டுக்குப் பேசினியா?"

"பேசினேனே. சிர்கா நம்ப மாட்டேங்கறா. 'இப்ப எதுக்கு இரக்கப்படுறீங்க புருல் அக்கா, வேணாம்'னு வெச்சுட்டா. மறுபடி பண்ணினேன், திட்டுறா. என்ன பண்ணி வெச்சிருக்க நீ?"

புருலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "சாயங்காலம் ஆறு மணிக்குப் பண்ணு" என்றாள்.

ஐந்தே முக்காலுக்குப் புருல் போய்ச் சிர்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த சிர்காவின் முகம் இறுகியது. "போன் வரும். நீ பேசு. நான் உன் எதுர்லயே உக்காந்திருக்கேன், என் வாயப் பாத்துக்கோ" என்றாள் புருல்.

மணி அடித்தது. சிர்கா எடுத்தாள். புருல் உதட்டை இறுக மூடிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சிர்கா அந்த மூடிய வாயைப் பார்த்தாள், கையிலிருந்த போனைப் பார்த்தாள், மறுபடி வாயைப் பார்த்தாள். பிறகு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்களா?" என்று மட்டும் போனில் கேட்டாள். உள்ளேயிருந்து பெண் பிள்ளைகள் இரண்டும் ஓடிவந்து அம்மாவின் மேல் விழுந்து போனுக்குக் காது வைத்தன. நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

நாற்காலியில் ஒருத்தி இருப்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து புருல் எழுந்து, நடையில் தன் பூட்சைத் தேடி மாட்டிக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. டிராலிபஸ் வர நேரமானது. போன் மணி அடித்ததிலிருந்து அவள் வாயைத் திறக்கவே இல்லை என்பது, டிக்கெட் கேட்கும்போது குரல் கட்டிப்போயிருந்ததில்தான் தெரிந்தது.