தேனில் குழைத்துச் சாப்பிடவும்

கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்குவது சுலபம். கலக்கியதை அடுத்தவர் தொண்டைக்குள் இறக்குவதுதான் பெரும்பாடு. மருந்து ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றவர்கள் யாராக இருந்தாலும் இதற்குத் தலையாட்டுவார்கள்.

எழுபதுகளில் வட்டவடைக்கு மேலே ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் எனக்கு வேலை. டாக்டர் மூணாற்றிலிருந்து வாரம் ஒருநாள் ஜீப்பில் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான். ஆறு மாதம் புகார் இல்லாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம் என்று துரை சொல்லியிருந்தார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, கோட்டயத்துக்காரர். மேனேஜர் யாராக இருந்தாலும் அங்கே துரைதான். நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று போடியில் ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

ஆட்டுக்கு மிக்சர்

தை மாதம் வேலையில் சேர்ந்தேன். முதல் வாரமே, கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாள் வயிற்றுக்கடுப்பு என்று வந்தாள். பாட்டில் நிறைய மிக்சர் என்னும் கலவை மருந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் தேயிலைக்காட்டில் சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மருந்து கேட்டதா என்று எல்லோர் காதிலும் விழும்படி விசாரித்தேன்.

சோலை ஓரத்தில் காட்டுப்பூவரசு மரங்கள் சிவப்பாகப் பூத்திருந்தன. அந்தப் பூவிதழை மென்றால் கடுப்பு நிற்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர. பேச்சியம்மாள் சொன்னாள்: "பூவ நான் தின்னேன், ஒங்க மிக்சர ஆட்டுக்கு ஊத்துனேன் சார். ரெண்டு பேருக்கும் சொகம்."

கசப்புக்கு ஒரு வழி

காய்ச்சல் பொடியின் கதி இன்னும் மோசம். அவ்வளவு கசப்பு. வாங்கியவர்கள் வாயில் போட்டு, வாசல் தாண்டியதும் துப்பினார்கள். வாசலில் நின்ற செம்பருத்திக்கு மட்டும் அந்த வருஷம் காய்ச்சலே வரவில்லை. யோசித்து யோசித்து, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 'தேனில் குழைத்துச் சாப்பிடவும்' என்று எழுதி, வாசித்தும் காட்டினேன். மலையில் தேனுக்கா பஞ்சம்? ஆளுக்கொரு தேனடை இறக்கினார்கள். பொடி ஒழுங்காக உள்ளே போனது. ஒரு வாரம் நான் டாக்டர் மாதிரியே நடந்தேன்.

எட்டாம் நாள் கங்காணி சுடலைமுத்துவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே இன்னும் நான்கு பேர் தள்ளாடி வந்தார்கள். எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது, நாடி மெல்ல அடித்தது. பொடியில் அளவு பிசகிவிட்டதோ என்று பயந்தேன். எல்லாரையும் படுக்க வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்த கங்காணி மனம் நிறைந்து சொன்னார்: "முந்தின கம்பவுண்டர் மருந்துல ஒண்ணுமே தெரியாது சார். ஒங்களதுல எஸ்டேட்டே ஆடுது."

நானே சாப்பிட்டேன்

இந்தப் பாராட்டு துரை காதுக்குப் புகாராகப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் டிஸ்பென்சரி வாசலுக்கே வந்து, அடுத்த ஜீப்பில் பெட்டியோடு மலையிறங்கச் சொன்னார். போடி வீடு என் கண்முன்னே வந்து நின்றது. பொடியில் குற்றமில்லை, நானே சாப்பிட்டுக் காட்டுகிறேன் என்றேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஜனம் முழுக்கக் கூடியது. நான் எழுதிய விதியை நானே மீற முடியுமா? பேச்சியம்மாளிடம் தேன் வாங்கி, மூன்று கரண்டித் தேனில் பொடியைக் குழைத்து விழுங்கினேன்.

அரை மணி நேரம் மருந்தின் மகிமையைப் பற்றி நன்றாகத்தான் பேசினேன். பிறகு துரை இரண்டு பேராகத் தெரிந்தார். இரண்டு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டு விழுந்தேனாம்.

கண் விழித்தபோது நெற்றியில் பச்சைப் பற்று. காட்டுப்பூவரசுத் தளிரை அரைத்துப் போட்டிருந்தாள் பேச்சியம்மாள். அவள் துரையிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "பொடி மேல தப்பில்ல தொர. இந்தக் காட்டுப்பூவரசு பூக்குற மாசத்துல தேன் பித்தாக்கும். நாங்க தொடவே மாட்டோம்." பின்னே எதற்குத் தின்றீர்கள் என்று துரை கேட்டார். அதற்கு அவள் சொன்னாள்: "கம்பவுண்டர் சார் எழுதிக் குடுத்தாகளே. படிச்சவுக, அந்தத் தேன முறிக்கத்தான் பொடி குடுக்காகன்னு நெனச்சோம். பொடிதான் பத்தல."

ஜீப் நான் இல்லாமலே போனது, வேலையும் நிலைத்தது, போடிக்காரியும் வந்தாள்; என் கையெழுத்தை அந்த லயத்து ஜனம் மதித்த அளவுக்கு அவள்கூட மதித்ததில்லை என்பதால், அதன்பிறகு 'வெந்நீரில்' என்பதற்கு மேல் நான் எதையும் எழுதத் துணிந்ததில்லை.