கீழ்வீட்டு அமா

நாகப்பட்டினத்தில் நாங்கள் ஏறிய கப்பல் ரங்கூன் ஆற்றுக்குள் நுழைந்தபோது விடிந்துகொண்டிருந்தது. கடலின் நீலம் எங்கே முடிந்தது, ஆற்றின் செம்மண் நிறம் எங்கே தொடங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மூடுபனிக்கு மேலே பொன்னாக ஏதோ ஒன்று மிதந்தது. அடியில் மலையும் இல்லை, மண்ணும் இல்லை. "அதுதான் புத்தர் கோயில்" என்றார் என் கணவர். கல்யாணமான புதிது. அவர் எதைச் சொன்னாலும் ஏதோ கனவில் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கப்பலைக் கரையில் கட்டியதும், டெக்கில் படுத்து வந்த கூலி ஜனங்களைக் கயிறு பிடித்து ஒரு கொட்டகைக்குள் ஓட்டினார்கள். டாக்டர் கண்ணையும் நாக்கையும் பார்த்து, அம்மை குத்தி அனுப்புவாராம். அறையெடுத்து வந்த எங்களை யாரும் தொடவில்லை. ஆனால் வெள்ளைக்காரர்கள் இறங்கி முடிக்கும்வரை நாங்கள் படியோரம் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது.

"இந்த ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு வரிசை இருக்கு. நம்ம இடம் எதுன்னு தெரிஞ்சுக்கிட்டா கஷ்டமே இல்ல" என்றார் அவர்.

"இந்த ஊர்க்காரங்க வரிசையில எங்க நிப்பாங்க?" என்று கேட்டேன். அவர் வண்டிக்காரனைக் கூப்பிடப் போய்விட்டார்.

போட்டாதாங்கில், துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு தெருவில் எங்கள் வீடு. முழுக்கத் தேக்குப் பலகை. மேல்வீட்டில் நாங்கள் குடியிருந்தோம்: என் கணவர், அவருடைய தம்பி, நான். கீழே வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். ஒரு பர்மியப் பெரியவரும் அவர் மகளும். அவர் ஒரு காலத்தில் ஆற்றில் சம்பான் படகுகள் விட்டவர். நீராவிப் படகுகள் வந்தபிறகு அந்தத் தொழில் போயிற்று. மகள் காலை வேளையில் வாசலில் அடுப்பு வைத்து மொகிங்கா விற்றாள். மீன் குழம்பு ஊற்றிய சேமியா மாதிரியான பலகாரம் அது. எங்கள் தரைப் பலகைகளுக்கு நடுவே விரலிடை இடுக்கு உண்டு. அதன் வழியாக அவர்களுடைய ஞப்பிக் கருவாட்டு வாடை மேலே ஏறும். எங்கள் பெருங்காய வாடை கீழே இறங்கும். மூக்கைப் பொத்திக்கொள்வது நாங்கள்தான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் இடுக்கு வழியே பார்த்தேன். நான் தாளித்துக்கொண்டிருக்க, கீழே அவள் முகத்தைத் திருப்பி விசிறிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

முதலில் அவள் என்னைக் "கலாமா" என்று கூப்பிட்டாள். நல்ல பேராக இருக்கிறதே என்று நானும் ஓடி ஓடிப் போனேன். இந்தியாக்காரி என்று பொருள், கொஞ்சம் இளப்பமும் கலந்தது என்று கொழுந்தனார்தான் சொன்னார். அவளிடமே கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. மறுநாளிலிருந்து நான் "ஞீமா" ஆனேன், தங்கை. அவள் எனக்கு "அமா". பர்மிய மொழியில் அமா என்றால் அக்கா. பரணில் ஏதாவது தேடும்போதோ, மழையில் துணி நனையும்போதோ நான் "அமா, அமா" என்று கத்தினால், தெருவில் போகிற தமிழ்க்காரர்கள் நான் என் தாயாரைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

அந்த மழையை எப்படிச் சொல்வது! வைகாசியில் பிடித்தால் ஐப்பசி வரைக்கும் விடாது. சுவரில் பாசி, செருப்பில் பாசி, பகலெல்லாம் அரையிருட்டு. ஆற்றில் கப்பல்கள் ஊதுவது வீட்டுக்குள்ளேயே ஊதுவதுபோல் கேட்கும். என் கணவர் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. அங்கே துரைக்கு ஒரு வாசல், சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்திய குமாஸ்தாக்களுக்கு ஒரு மேசை, நம்மவர்களுக்குப் பெஞ்சு. பர்மியர் அந்த ஆபீஸில் ஒரே ஒருவர்தான், பங்கா இழுப்பவர். "அவங்க சோம்பேறிங்க" என்பார் கணவர், ஈரச் சட்டையைக் கழற்றியபடி. துரையிடம் நின்று நின்று வீங்கிய கால்களை நீட்டி, வீட்டில் அவர் துரையாவார். நான் வெந்நீர் கொண்டுவருவேன்.

கொழுந்தனார் அலோனில் ஒரு அரிசி மில்லில் கூலிகளை மேய்க்கும் வேலையில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். சாயங்காலம் வந்ததும் கீழ்ப்படியில் நின்று செருப்பைத் துடைப்பார். மழைக்காலத்தில் அது நியாயம். மழை விட்டு, தெரு புழுதியான பிறகும் அவர் அதே படியில் நின்று நெடுநேரம் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எனக்குப் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் என்னையும் அமாவையும் குதிரைவண்டியில் ஏரிக்கரைக்கு அழைத்துப்போனார். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். நடுவில் புத்தர் கோயிலின் பொன் நிழல் விழுந்து நடுங்கியது. எங்கோ வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்தது. அது தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. அவர் வேர்க்கடலை வாங்கப் போனார். நாங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

காவல்காரன் வந்தான். நம் பக்கத்து ஆள். என் புடவையைப் பார்த்துத் தமிழில் சொன்னான்: "நீங்க உக்காருங்கம்மா. அந்தப் பர்மாக்காரிய எந்திரிக்கச் சொல்லுங்க."

அமாவுக்குத் தமிழ் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. குடித்தனக்காரர்களிடம் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவள் அவள். எழுந்து நின்றாள். நான் வாயெடுப்பதற்குள் ஒரு துரையும் துரைசாணியும் நாயோடு வந்தார்கள். காவல்காரனின் குரலே மாறிவிட்டது. "எந்திரிம்மா, எந்திரி, சீக்கிரம்!" என்றான் என்னைப் பார்த்து. நாய் முதலில் பெஞ்சில் ஏறியது.

அமா ஈரப் புல்லில் லுங்கியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் தட்டிக் காட்டினாள். "வா ஞீமா. இந்தத் தண்ணியிலதான் எங்கப்பா சின்னதுல எருமை குளிக்க வச்சாரு. பெஞ்சு எல்லாம் அப்ப இல்ல. எருமைக்குக் காவல்காரன் இல்ல."

கொழுந்தனார் கடலையோடு வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். நாங்கள் சொல்லவில்லை. அவர் பெஞ்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அவரும் புல்லில் உட்கார்ந்தார், அமாவுக்கு அந்தப் பக்கம். பொட்டலத்தைப் பிரித்து முதலில் அவள் பக்கம் நீட்டினார். அந்தச் சாயங்காலம் முழுக்க நாங்கள் பேசிய வார்த்தைகளை ஒரு கைப்பிடிக்குள் அடக்கிவிடலாம். என் வாழ்நாளில் அவ்வளவு நிறைந்த சாயங்காலங்கள் சிலதான்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் அண்ணனிடம் சொன்னார், அமாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக. என் கணவர் அன்றே வெளியே கிளம்பினார். நம்மவர் கோயில் கமிட்டித் தலைவரை அழைத்துவந்தார். பெரிய அரிசி வியாபாரி. கொழுந்தனாரின் மில்லிலும் அவருக்குச் செல்வாக்கு உண்டு. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"தம்பி, வயசு. யாருக்கும் வர்றதுதான்" என்றார் வியாபாரி, வெற்றிலையைக் கிள்ளியபடி. "வெச்சுக்க. யார் வேணாங்கிறா? நான் வெச்சுக்கலையா? ஊர்ல உன் மாமன் பொண்ணு இருக்கு. அதுக்கு ஒரு தாலி. இங்க இருக்கிறவரைக்கும் இது. ஆனா இவளுக்குத் தாலின்னு ஆரம்பிச்சா, நாளைக்கு நாங்கல்லாம் பதில் சொல்லணும்ல?"

"நீங்க கப்பல் ஏறிட்டா நீங்க வெச்சிருக்கிற அந்தம்மா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார் கொழுந்தனார்.

"அவங்க வழக்கம் அப்படித்தான் தம்பி. கவலையே படமாட்டாங்க."

என் பாதத்துக்குக் கீழே, பலகை இடுக்கில், விளக்கு வெளிச்சம் அசையாமல் நின்றது. கீழே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று தெரிந்தது.

மறுநாள் காலை அமா அடுப்பு மூட்டவில்லை. படியில் உட்கார்ந்திருந்தாள். "ஞீமா, 'வெச்சுக்க'ன்னா என்ன? சட்டிபானையத்தானே வைப்பாங்க?" என்றாள். அர்த்தம் தெரிந்துதான் கேட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலம் அவளே கொழுந்தனாரைப் படியில் நிறுத்திச் சொன்னாள். "நான் மேல ஏறி வரமாட்டேன். நீங்க கீழ வாங்க. தெரு பாக்க ஒரே தட்டுல என்கூடச் சோறு சாப்பிடுங்க. எங்க ஊர்ல அதுதான் கல்யாணம்."

பெரியவர் உள்ளிருந்து ஒன்று சேர்த்தார், பர்மியத்தில். மகள் தமிழாக்கினாள்: "தனியாக் கப்பல் ஏறக்கூடாதாம்."

"ஏறமாட்டேன்" என்றார் கொழுந்தனார். "ஆனா தாலியும் கட்டுவேன். அது எங்க ஊர்க் கல்யாணம்."

அவர்களுடைய விரத மாதங்களில் கல்யாணம் கூடாது. மழை முடிந்து வீட்டுக்கு வீடு விளக்கேற்றும் திருநாள் கழிந்தபிறகு நாள் பார்த்தார்கள். கோயிலில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐயரும் வரமாட்டார். தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சுப் போட ஒருத்தி வேண்டுமே. நாத்தனார் ஊரில் இருந்தாள். "நீங்க போடுவீங்களா அண்ணி?" என்று கேட்டார் கொழுந்தனார்.

அன்று காலை கூறைப் புடவை கட்டி, மஞ்சள் கயிற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு படியருகே வந்தேன். என் கணவர் வழியில் நின்றார். கோபத்தைவிட அவர் முகத்தில் பயம்தான் அதிகம்.

"ஆபீஸ்ல என்ன பேசுவாங்கன்னு தெரியுமா உனக்கு? கீழ போனீன்னா மேல வராத."

தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். "மேலயும் அவங்க வீடு, கீழயும் அவங்க வீடு. நான் எங்க போக?"

அவர் நகரவில்லை. பிறகு கொஞ்சம் நகர்ந்தார். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு. இறங்கினேன்.

கீழே பாயில் தெருப் பர்மியப் பெண்கள் கன்னத்தில் தனக்காச் சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தார்கள். நம்மவர்களில் கொழுந்தனாரிடம் வேலை செய்த மில் கூலிகள் சிலர் வந்திருந்தார்கள், வாசலுக்கு வெளியே நின்றபடி. பெரியவர் கையசைத்து உள்ளே உட்காரவைத்தார். கொழுந்தனார் தாலி கட்டினார். நான் பின்னால் நின்று முடிச்சுப் போட்டேன். அமாவின் கழுத்து வியர்த்திருந்தது, பூ மணத்தது. பிறகு இருவர் கையையும் சேர்த்து வெள்ளிக் கிண்ணத்துத் தண்ணீரில் தோய்த்தார்கள். ஒரே தட்டில் சோறு வைத்தார்கள். அவர் சாப்பிட்டார், அவள் சாப்பிட்டாள். வெயில் வாசல்வழியாகச் சாய்ந்து வந்து, அந்தத் தட்டின் மேல் வந்து நின்றது.

சாயங்காலம் தயங்கித் தயங்கி மேலே ஏறினேன். கதவு திறந்திருந்தது. அவர் பாயில் உட்கார்ந்து, இடுக்கு வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"சோறு மிச்சம் இருக்கா?" என்றார்.

நான் மறுபடி இறங்கிப் போய் வாங்கிவந்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு விலை இருந்தது. கொழுந்தனாரின் மில் வேலை போயிற்று. கோயில் விசேஷங்களுக்கு எங்களுக்கு அழைப்பு நின்றது. குழாயடியில் தமிழ்ப் பெண்கள் என் குடம் நிறையும்வரை தள்ளி நின்றார்கள். அமாவின் பக்கத்திலும் சில உறவுகள், கலாவுக்கு, அதாவது இந்தியாக்காரனுக்கு, வாழ்க்கைப்பட்டவள் என்று வாசல் மிதிக்கவில்லை. மிங்கலாடோன் பக்கம் அமாவின் தாய்வழித் தோட்டம் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. இருவரும் அங்கே போய்க் கொய்யாவும் வெற்றிலையும் போட்டார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. பர்மியப் பிள்ளைகள் அவளைக் கலா என்றார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பர்மாக்காரி என்றார்கள். பொதுவாக ஊரார் சொல்வது கப்யா, கலப்பு. அவள் எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்ப்பாள்.

சில வருஷங்கள் கழித்து, ஒரு மத்தியானம், முன்பின் தெரியாத ஒரு அம்மாள் எங்கள் படியேறி வந்தாள். கழுத்து நிறைய நகை. நாக்கில் நம்மூர் மண் இன்னும் ஒட்டியிருந்தது. அந்த அரிசி வியாபாரியின் மனைவி, கப்பலில் வந்து இறங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கணவருக்கு இங்கே இன்னொரு வீடு இருப்பதை அவள் வேலைக்காரி வாயால் கேட்டிருக்கிறாள்.

"உங்க வீட்டுல ஒரு பர்மாக்காரிக்குத் தாலி கட்டினாங்களாமே. அவளப் பாக்கணும்" என்றாள்.

திட்டத்தான் வருகிறாளோ என்று பயந்தேன். ஆனாலும் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். இன்செயின் வரை ரயில், அப்புறம் மாட்டுவண்டி. வழியெல்லாம் வயல், தண்ணீர், தண்ணீருக்குள் மேகம்.

அமா மரத்தடியில் பாய் விரித்து, ஊறவைத்த தேயிலையில் வறுத்த கடலையும் எள்ளும் கலந்து வைத்தாள். வந்தவள் தொடவில்லை. அமாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரர் வெச்சிருக்கிற பொம்பளைய உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் கடைசியில்.

"தெரியும். மார்க்கெட்ல பூ விக்கிறா."

"என்னைப் பத்தி அவளுக்குத் தெரியுமா?"

அமா யோசித்தாள். "தெரியாது. நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு சொல்லி வச்சிருக்காரு."

அந்த அம்மாள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். குழந்தை ஓடிவந்து அவள் வளையல்களை எண்ணத் தொடங்கியது, தமிழில் பாதி, பர்மியத்தில் பாதி. அவள் குழந்தையை மடியில் இருத்தி, தட்டை இழுத்து, அந்தத் தேயிலையை ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு இன்னொரு வாய் எடுத்தாள்.

"அவளையும் ஒருநாள் பாக்கணும்" என்றாள்.

"கூட்டிட்டு வர்றேன்" என்றாள் அமா.

திரும்பும்போது ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஜன்னலுக்கு வெளியே மழை வந்துகொண்டிருந்தது. இன்னும் எங்களை எட்டவில்லை. தூரத்து வயல்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தது.