பத்திரத்தில் அம்மாவின் பெயர்

போன வாரம் காரைக்குடி பத்திர ஆபீசுக்குப் போனவர்கள்: அப்பா, அம்மா, நான், சாட்சிக் கையெழுத்துக்காக அப்பாவோடு வேலை பார்க்கும் இரண்டு கொத்தனார்கள். வராதவர் — சித்தப்பா. அவருக்குச் சொல்லவே இல்லை.

ஏன் என்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒரு பெண் புருஷனைப் பறிகொடுத்தாள். காரியம் முடிந்த கையோடு கொழுந்தன் வந்து வீட்டைப் பூட்டிவிட்டான். "வீடு எங்க அண்ணன் பேருல இருக்கு. நீ யாரு?" என்று கேட்டான். அதைப் பார்த்துவிட்டு வந்த அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "வீட்டுப் பத்திரத்துல உங்க ஆத்தா பேரையும் சேத்துரணும்டா" என்றார். எங்கள் சித்தப்பாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

சேர்ப்பது என்றால் பழைய பத்திரத்தின் ஓரத்தில் ஒரு பெயரை எழுதிவிடுவது என்று நினைத்திருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் இல்லையா! அப்படி இல்லையாம். பாதி வீட்டை அம்மாவுக்குக் கொடுப்பதாகப் புதுப் பத்திரமே போட வேண்டுமாம். ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி, பத்திரம் எழுதுகிறவரிடம் சித்தப்பா கதை உட்பட விவரம் சொன்னது நான்தான். எங்கள் குடும்பத்தில் எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாமே என் இலாகா.

சார்பதிவாளர் பத்திரத்தைப் புரட்டினார். வழக்கமான கேள்விதான். "உங்க பேரு என்னம்மா?"

அம்மா குனிந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"சின்னப்பொண்ணு சார்" என்றேன் நான்.

"உங்களைக் கேக்கலை தம்பி. அவங்க சொல்லணும்."

அம்மா நிமிர்ந்தாள். "வள்ளிக்கண்ணு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வள்ளிக்கண்ணு என் அப்பத்தாவின் பெயர். அப்பாவைப் பெற்றவள். நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவள்!

"ஏ புள்ள, என்ன உளறுற?" — அப்பா.

"நான் எங்க உளறுறேன்? எங்கய்யா எனக்கு வச்ச பேரு அது. மாமியா பேரும் அதுவாப் போச்சுன்னு தாலி கட்டுன கையோட மாத்திப்புட்டீக. பெத்த ஆத்தா பேரச் சொல்லிப் பொண்டாட்டிய எப்புடி அதட்டுறதுன்னு நீங்கதான கேட்டீக?"

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாக, "அட... ஆமால்ல" என்றார். மனிதர் நிஜமாகவே மறந்து போயிருக்கிறார்!

"அண்ணே, இத்தன வருசமா யாரு வீட்டுல சாப்புட்டீக?" என்றார் சாட்சிக்கு வந்த கொத்தனார்.

"முந்தியே சொல்லியிருக்கலாமே ஆத்தா?" என்றேன்.

"நீ கேட்டியா? எழுதுனத வாசிச்சுத்தான் காட்டுனியா?"

இல்லை. என் சர்டிபிகேட், வேலை மனு... எல்லாவற்றிலும் அப்பா பெயருக்குத்தான் இடம் இருந்தது. அம்மா பெயரை எவரும் கேட்டதில்லை. உங்களைக் கேட்கிறேன் — உங்கள் அம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? நிச்சயமாக?

பத்திரம் எழுதியவர் ஓடி வந்தார். "'சின்னப்பொண்ணு என்கிற வள்ளிக்கண்ணு'ன்னு திருத்திருவோம். சுருக்கா முடிஞ்சுரும்."

"வேணாம்" என்றாள் அம்மா. "அது இவுக கூப்புடுறதுக்கு வச்சுக்கிட்ட பேரு. அப்படியே கூப்புடட்டும், வாரேன். வீடு வள்ளிக்கண்ணுக்கு இருக்கட்டும்."

"ஆத்தா, வெறும் வள்ளிக்கண்ணுன்னு போட்டா வம்பாப் போயிரும். நாளைக்கு உங்க கொழுந்தன், 'இது எங்க ஆத்தா வீடு, எனக்கும் பங்கு உண்டு'ன்னு வந்து நிப்பாரு!" என்றார் பத்திரம் எழுதியவர்.

யாருக்குப் பயந்து வந்தோமோ அவருக்கே கதவைத் திறந்துவிடப் பார்த்தோமே!

அம்மா அசரவில்லை. "மாமியாளும் நானும் ஒரே அப்பனுக்கா பொறந்தோம்? எங்கய்யா பேரையும் சேத்து எழுதுங்க."

சார்பதிவாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சரியாத்தான் சொல்றாங்க. தகப்பனார் பேரும் புருஷன் பேரும் இருந்தா ஒருத்தரும் குழப்ப முடியாது. புதுசா எழுதிட்டு வாங்க."

எழுதினோம். 'சோலை குமாரத்தியும் ராமையா மனைவியுமான வள்ளிக்கண்ணு.' இந்த முறை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத்தான் ரேகை வைத்தாள்.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது அப்பா அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தார். எந்தப் பெயரைச் சொல்வது? "இந்தா... இங்குட்டு வா. வெயில்ல நிக்காத" என்றார்.

வீணான ஸ்டாம்ப் பேப்பர், புதுப் பேப்பர், இரண்டு தடவை எழுத்துக்கூலி, பதிவுக் கட்டணம் — என் அம்மாவின் பெயரை நான் தெரிந்துகொள்ள ஆன மொத்தச் செலவு, அப்பாவின் பத்து நாள் கூலி: நூற்றுப் பதினேழு ரூபாய்.